விபத்துக்குப் பின் குழந்தையின் மண்டையோட்டுக் குறையைச் சரிசெய்வது: படிப்படியான முழு வழிகாட்டி

துளை இருக்கிறது, எதை வைத்து மூடலாம்? இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். உண்மையில் இது நான்காவதாகக் கேட்க வேண்டியது. மூளைநீர், தலைத்தோல், டியூரா (மூளையை மூடியிருக்கும் கெட்டிச் சவ்வு) மூன்றும் ஒழுங்கான பிறகே மேலே வைக்கும் எலும்பு பிழைக்கும். வரிசை மாறினால் எவ்வளவு அழகாகப் பொருத்தினாலும் அது கரையும், அல்லது சீழ் பிடித்து வெளியே வரும்.

பெரியவர்களுக்குச் செய்து பழகிய கை குழந்தையிடம் தடுமாறுவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, தலை இன்னும் வளர்கிறது. இரண்டு, இரத்தம் மிகக் குறைவு. கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டுக்காகவே. நரம்பியல் அறுவை, முக அறுவைப் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் அவர்களோடு தியேட்டரிலும் வார்டிலும் நிற்பவர்களுக்கும் எழுதியது இது. மருந்தளவுகள் சிறுநீரகம் சரியாக உள்ள குழந்தைக்கானவை; மயக்க மருத்துவரோடு சேர்ந்து அந்தக் குழந்தைக்கு ஏற்ப முடிவு செய்யுங்கள்.

1. எந்த வகைக் குறை என்று பிரிப்பது

வெளியே பார்க்க எல்லாம் ஒரே பள்ளம்தான். உள்ளே கதை வேறு. மூளை வீக்கத்துக்காகத் திறந்து எடுத்து வைத்த எலும்பு என்றால் முழுத் துண்டு கையில் இருக்கும். நொறுங்கி அமுங்கிய முறிவு என்றால் துண்டுகள் அழுக்கோடு போயிருக்கும், டியூராவும் பெரும்பாலும் தைக்கப்பட்டிருக்கும். முன்பு வைத்த எலும்பு கரைந்தோ தொற்றாலோ போனது மூன்றாவது வகை. நான்காவது, வளரும் முறிவு.

தவறவிடக் கூடாதது அந்த நான்காவதுதான். 3 வயதுக்குட்பட்ட குழந்தை, குறிப்பாக முதல் வயதில், விழுந்து மண்டையோடு கீறுகிறது. அடியில் டியூராவும் கிழிகிறது. ஒவ்வொரு துடிப்பும் அந்தக் கிழிசல் வழியாக மூளையையும் நீரையும் தள்ள, சில வாரங்களில், சில சமயம் மாதங்களில், கீறல் மூடுவதற்குப் பதில் அகன்றுகொண்டே போகும். தொட்டால் துடிக்கும் மெத்தென்ற வீக்கமாகத் தெரியும். முதல் சிடி ஸ்கேனில் முறிவின் இடைவெளி 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அந்தக் குழந்தையைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். வெறும் எலும்புக் குறை என்று நினைத்து மேலே தகடு வைத்து மூடினால், தகட்டையும் தூக்கிக்கொண்டு வீக்கம் திரும்ப வரும்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையில் டியூரா முழுசாக இருந்து, குறையும் சிறிதாக இருந்தால், கொஞ்சம் பொறுக்கலாம். அந்த வயதில் டியூராவே எலும்பைப் போடும். 2 வயதைத் தாண்டிய பிறகு அதை எதிர்பார்த்து நாள் கடத்துவது வீண்.

2. நாள் குறிப்பது

வீக்கத்துக்காகத் திறந்த தலை என்றால், மூளை தளர்ந்து தோல் எலும்பு விளிம்பின் மட்டத்துக்கோ அதற்குக் கீழோ இறங்கியதும் நாள் குறிக்கலாம். பெரும்பாலும் 6 வாரம் முதல் 3 மாதத்துக்குள் அது அமையும். குழந்தையில் தேவையில்லாமல் தள்ளிப்போடாதீர்கள். விளிம்பு உருண்டு மழுங்கும், தோல் சுருங்கும், டியூராவும் தோலும் ஒட்டிக்கொள்ளும். சேமித்த எலும்பு பிறகு கரையும் வாய்ப்பும் காத்திருக்கக் காத்திருக்கக் கூடுவதாகவே தெரிகிறது.

குழந்தையைப் படுக்கவைத்து ஒரு முறை, உட்காரவைத்து ஒரு முறை அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். உட்காரும்போதும் பிதுங்கியே இருந்தால் நாள் குறிக்க வேண்டாம், அடுத்த படிக்குப் போங்கள்.

தொற்று இருந்த தலைக்குக் கணக்கு வேறு. ஆன்டிபயாடிக் முடிந்து, தோல் முழுக்க ஆறி, அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனைகளான சிஆர்பியும் இஎஸ்ஆரும் இயல்புக்குத் திரும்பி, அதன் பிறகும் சில மாதம் அமைதியாக இருக்க வேண்டும். மொத்தத்தில் 3 முதல் 6 மாதம். தையல் கோட்டில் ஒரு சிறு பொருக்கு இருந்தாலும் ஒத்திப்போடுங்கள். அந்தப் பொருக்குக்குக் கீழே பெரும்பாலும் ஒரு பழைய நூல் முடிச்சு கிருமியோடு உட்கார்ந்திருக்கும்.

3. மூளைநீர்க் கணக்கை முதலில் தீர்ப்பது

பிதுங்கிய தலையில் எலும்பை அழுத்தி மூடக் கூடாது. நீர் தேங்கியிருக்கிறதா என்று சிடியில் மூளைக்குள் நீர் இருக்கும் அறையான வென்ட்ரிக்கிளைப் பாருங்கள். எலும்பு இல்லாத பக்கத்தில் வென்ட்ரிக்கிள் இழுபட்டுப் பெரிதாகத் தெரிவது உண்டு; எலும்பு மூடியதும் அது தானாகச் சரியாகிவிடும். பழைய படத்தோடு ஒப்பிட்டு, வளர்ந்துகொண்டே போனால் மட்டுமே ஷன்ட் (மூளைநீரை உடலுக்குள் வேறிடத்துக்கு வடிக்கும் நிரந்தரக் குழாய்).

ஷன்ட்டையும் எலும்பையும் ஒரே அமர்வில் வைத்தால் தொற்று வாய்ப்பு கூடும். எலும்பை முதலில் மூடி, பிறகும் தேவைப்பட்டால் ஷன்ட் வைப்பது நல்லது. மூடவே விடாத அளவுக்குப் பிதுங்கியிருந்தால் தற்காலிக வடிகால் போட்டு மூடுங்கள்.

ஏற்கெனவே ஷன்ட் உள்ள குழந்தைக்கு இதன் எதிர்ப்பக்கச் சிக்கல் வரும். தோல் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். அப்படியே மேலே எலும்பு வைத்தால் அடியில் வெற்றிடம், வெற்றிடத்தில் இரத்தம். வெளியிலிருந்து மாற்றக்கூடிய வால்வாக இருந்தால் சில நாள் முன்பே அழுத்தத்தை உயர்த்தி, குழந்தையைத் தட்டையாகப் படுக்கவைத்து, மூளை மேலே வருகிறதா என்று பாருங்கள். அந்த நாட்களில் வாந்தி, சோம்பல், தலைவலி வந்தால் உடனே பழைய அளவுக்குத் திருப்ப ஆள் இருக்க வேண்டும்.

4. எதை வைப்பது

வளரும் தலைக்கு எலும்பே நல்லது. எலும்பு பிடித்துக்கொண்டால் தலையோடு வளரும், கிருமியை எதிர்க்கும், 20 வருடம் கழித்து யாரும் அதைப் பற்றி நினைக்கத் தேவையில்லை. செயற்கைப் பொருள் எதுவும் வளராது.

சேமித்த சொந்த எலும்பு முதல் தேர்வாகத் தோன்றும். மைனஸ் 80 டிகிரியில் வைத்த, ஒரே துண்டாக உள்ள, பெரிய பிள்ளையின் எலும்பு என்றால் சரி. ஆனால் குழந்தைகளில் அது கரைவது பெரியவர்களைவிட அதிகம்; சில ஆய்வுத் தொகுப்புகளில் பாதிப் பேர் வரை. வயது குறைவு, பல துண்டு, பெரிய பரப்பு, ஷன்ட், முன்பு தொற்று என்று இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இன்னொரு ஆபரேஷன் வரலாம். ஆட்டோகிளேவில் அவித்த எலும்பில் எலும்பை வளர்க்கும் புரதங்கள் போய்விடும். குழந்தைக்கு அதை வைப்பது ஏறக்குறைய வீண். பெரியவர்களுக்குச் செய்வதுபோல வயிற்றுத் தோலுக்குள் வைக்கலாமே என்றால், சின்னக் குழந்தையின் வயிற்றில் அதற்கு இடமும் இல்லை, கொழுப்பும் இல்லை.

சேமித்தது இல்லையென்றால் அடுத்தது அதே தலையிலிருந்து எடுத்துப் பிளந்த எலும்பு. வெளி அடுக்கு, உள் அடுக்கு, நடுவில் பஞ்சு போன்ற டிப்ளோயி. 3, 4 வயதுக்கு முன்பு டிப்ளோயி சரியாக உருவாகியிருக்காது. வயதை மட்டும் நம்பாதீர்கள். சிடியில் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே சாம்பல் கோடு தனியாகத் தெரிகிற இடத்தில்தான் பிளக்க முடியும்.

அதற்கும் சின்னக் குழந்தை என்றால் மாற்று முறை: நல்ல பக்கத்திலிருந்து முழுத் தடிமன் எலும்பை எடுத்துக் குறைக்கு வைத்து, எடுத்த இடத்தை எலும்புத் துருவலால் நிரப்புவது. எடுத்த இடத்தில் ஆரோக்கியமான டியூரா இருப்பதால் துருவல் அங்கே எலும்பாக மாறும். விபத்தில் கிழிந்து வடுவான பக்கத்தில் அதே துருவலைக் கொட்டினால் அந்த நம்பிக்கை குறைவு. இடம் மாற்றுவதன் காரணமே இதுதான்.

விலா எலும்பு கடைசிக் கையிருப்பு. மேற்பரப்பு வரிவரியாகத் தெரியும் என்பதால் நெற்றிக்கு ஆகாது.

டைட்டானியம், பீக் (ஒருவகைக் கெட்டிப் பிளாஸ்டிக்), அக்ரிலிக் போன்றவை தலை வளர்ச்சி பெரும்பாலும் முடிந்த பிள்ளைகளுக்கு, அல்லது எலும்பு தோற்றுப்போன இடத்துக்கு. தியேட்டரிலேயே குழைத்து வைக்கும் அக்ரிலிக் இறுகும்போது 70 டிகிரிக்கு மேலும் சூடாகும். தலைமேல் வைத்து இறுகவிடாதீர்கள். அச்சில் இறுகவைத்துக் குளிர்ந்த பிறகு எடுத்து வையுங்கள்.

5. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

சிடி: 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய வெட்டு, முப்பரிமாணப் படம், குழந்தைகளுக்கான குறைந்த கதிர்வீச்சு அமைப்பில். குறை நடுக்கோட்டுக்கு அருகே வந்தால் சிரைகளைக் காட்டும் படமும் வேண்டும். வளரும் முறிவு என்றால் எம்ஆர்ஐ. டியூராவின் விளிம்பு எலும்பின் விளிம்புக்கு எவ்வளவு அடியில் ஒதுங்கியிருக்கிறது என்பதை அது காட்டும்.

அளவெடுத்துச் செய்யும் இம்பிளான்ட் என்றால் சிடிக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே 3 மாதத்துக்கு மேல் போக விடாதீர்கள். அதற்குள் தலை வளரும், விளிம்பு கரையும். வந்து சேரும் பாகம் உட்காராது.

இரத்தம்: 10 கிலோ குழந்தையின் உடலில் இருப்பதே சுமார் 750 மில்லி. முழுக்க நனைந்த சின்ன காஸ் ஒன்று ஏறக்குறைய 10 மில்லி. பத்து காஸ் நனைந்தால் ஏழில் ஒரு பங்கு போயாயிற்று. பொருத்திப் பார்த்த இரத்தம் தியேட்டருக்குள் வந்த பிறகே கத்தி வைக்க வேண்டும். 'பிளட் பேங்கில் இருக்கிறது' என்பது போதாது. இரண்டு நல்ல ஐவி, ஒரு ஆர்ட்டீரியல் லைன். இரத்தக் கசிவைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் கிலோவுக்கு 10 மில்லிகிராம் 15 நிமிடத்தில், பிறகு மணிக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம். வலிப்பு உள்ள குழந்தையில் இதைத் தாண்ட வேண்டாம்.

தொற்றைத் தடுக்கும் ஆன்டிபயாடிக் செஃபசோலின் கிலோவுக்கு 30 மில்லிகிராம், கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள். 4 மணி நேரம் தாண்டினால் மறு டோஸ். வலிப்பு மருந்து சாப்பிடும் குழந்தைக்குக் காலை டோஸை ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுத்தே அனுப்ப வேண்டும். வெறும் வயிறு என்று அதையும் நிறுத்திவிடுவது வார்டில் அடிக்கடி நடக்கிறது.

ஃப்ரீசர் எலும்பு என்றால் உறையில் உள்ள பெயர், எண், பக்கம் மூன்றையும் இருவர் படித்துச் சரிபார்த்த பிறகே தோலைத் திறக்க வேண்டும். மாற்று ஏற்பாடும் தயாராக இருக்கட்டும்: உறையைத் திறந்தால் விளிம்பு உளுத்துப்போயிருக்கலாம்.

6. படுக்கவைப்பது

3 வயதுக்குட்பட்ட தலையில், கூர்முனைகளால் தலையைப் பிடிக்கும் 'பின்' கிளாம்ப் வேண்டாம். மெல்லிய எலும்பைத் துளைத்து உள்ளே இறங்கும். ஜெல் வைத்த குதிரைலாட ஹெட்ரெஸ்ட் போதும். அதில் கண்குழி அழுந்தவில்லையா, காது மடங்கவில்லையா என்று துணி மூடும் முன் விரல் விட்டுப் பாருங்கள். பிளக்க எலும்பு எடுக்கும் திட்டம் இருந்தால் மறுபக்கப் பேரியட்டல் (தலையின் மேல் பக்கவாட்டு) பகுதியும் துணிக்கு வெளியே இருக்க வேண்டும். நடுவில் தலையைத் திருப்பித் துணி மாற்றுவது தொற்றை அழைப்பது போல.

தியேட்டர் ஏசியின் குளிரைக் குறைத்து, கதகதப்புப் போர்வை போட்டு, ஐவி திரவத்தையும் சூடாக்குங்கள். உடல் குளிர்ந்தால் இரத்தம் உறையாது.

7. தோலைத் திறந்து தூக்குவது

பழைய வடுவையே பயன்படுத்துங்கள். இடம் போதாதென்றால் அதன் நுனியிலிருந்து நீட்டலாம். குறுக்கே வெட்டி டி வடிவம் ஆக்காதீர்கள். மூன்று முனை சந்திக்கும் அந்த மூலை கருகும், அதன் வழியாகத்தான் எலும்பு வெளியே தெரியும். கத்தி வைக்கும் முன் காதுக்கு முன்னால் டெம்போரல் தமனி துடிக்கிறதா என்று விரலால் பாருங்கள். முதல் ஆபரேஷனில் அது போயிருந்தால் தோலை எவ்வளவு தூக்கலாம் என்பதே மாறிவிடும்.

வெட்டும் கோட்டில் 1:200000 அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் போடுங்கள். கிலோவுக்கு 7 மில்லிகிராமைத் தாண்டாமல். எலும்பு இல்லாத இடத்தில் ஊசியைச் சாய்த்துத் தோலுக்குள்ளேயே ஓட்டுங்கள், நேராகக் குத்தினால் மூளை.

எங்கே தொடங்குவது என்பதில்தான் தடுமாற்றம் அதிகம். துளை தெரிகிற இடத்திலிருந்து தொடங்கத் தோன்றும். கூடாது. எலும்பு இருக்கும் இடத்தில் தொடங்குங்கள். கத்தி எலும்பில் தட்டும் வரை போய், அந்த மட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அடுக்குகளைப் பிரிக்கும் பென்ஃபீல்ட் கருவியின் முதுகை எலும்பின் மேல் சறுக்கியபடி துளையை நோக்கி வாருங்கள். 'டக்' என்று ஒரு இறக்கம் கையில் தெரியும். அதுதான் விளிம்பு. அங்கே நிறுத்தி, அதே விளிம்பைச் சுற்றி இரு பக்கமும் கொஞ்சம் போய், பிறகுதான் துளையின் மேல் ஏற வேண்டும்.

துளையின் மேல் தோலுக்கும் டியூராவுக்கும் நடுவே வெண்மையான ஒரு தளர்ந்த அடுக்கு இருக்கும். தோலை நேராக மேலே தூக்கி இழுக்கும்போது மெல்லிய சிலந்தி வலைபோல நூல்கள் விறைக்கும். அந்த நூல்களைத்தான் கத்தியால் தொட வேண்டும், கத்தியின் முனை தோல் பக்கம் பார்க்க. நூல் தெரியாமல் ஒரே வெள்ளைப் பலகையாகத் தெரிந்தால் அடுக்கு தவறிவிட்டது: ஒன்று டியூராவுக்குள் போகிறீர்கள், அல்லது தோலை மெலிதாக்குகிறீர்கள். வேறு பக்கத்திலிருந்து வாருங்கள். மோனோபோலரை (மின்சாரத்தால் சுட்டு வெட்டும் கருவியை) இங்கே பயன்படுத்தாதீர்கள். அடியில் ஒரு மில்லிமீட்டரில் மூளை இருக்கலாம்.

பொட்டில் உள்ள மெல்லும் தசையான டெம்போராலிஸ் டியூராவில் ஒட்டிக்கிடக்கும். அதைப் பிரித்து எலும்புக்கு வெளியே கொண்டுவர வேண்டும். அலுத்துப்போய் அப்படியே விட்டு எலும்பை மேலே வைத்தால், தசை உள்ளே மாட்டி மூளையை அழுத்தும். வெளியே பொட்டுப் பகுதி குழிந்து தெரியும். மெல்லும்போது தலை வலிக்கிறது என்று பிள்ளை சொல்லவும் இதுவே காரணமாகலாம்.

8. விளிம்பைச் சுத்தம் செய்வது

சுற்றிலும், 360 டிகிரியும். கியூரெட்டால் வடுவைச் சுரண்டி, விளிம்பிலிருந்து இரத்தம் கசிவது தெரிய வேண்டும். கசியாத விளிம்பில் வைத்த எலும்புக்கு உயிர் வராது. முக்கால் சுற்றுச் செய்துவிட்டுப் பொட்டுப் பக்கத்தை விட்டுவிடுவது வழக்கமான தவறு. பிறகு பார்த்தால் எலும்பு கரைவது அந்தக் கால் பகுதியிலிருந்துதான். கசிவு அதிகமானால் மெழுகைத் தடவித் தள்ளாதீர்கள். மெழுகு எலும்பு சேர்வதைத் தடுக்கும். ஜெலாட்டின் பஞ்சை வைத்து இரண்டு நிமிடம் அழுத்தினால் பெரும்பாலும் நிற்கும்.

9. டியூரா

ஓட்டை இருந்தால் இங்கேயே தையுங்கள். முழுவதும் மூடிய பிறகு மயக்க மருத்துவரிடம் நுரையீரலின் காற்றழுத்தத்தை 20 சென்டிமீட்டர் நீர் அளவில் சில நொடி பிடிக்கச் சொல்லி, கசிவு வருகிறதா என்று பாருங்கள். கசிவுள்ள டியூராமேல் எலும்பு நீரில் மிதக்கும், சேராது.

வளரும் முறிவில் இதுதான் முழு வேலையும். டியூராவின் ஓட்டை எலும்பின் ஓட்டையைவிட எப்போதும் பெரிது. விளிம்புகள் எலும்புக்கு அடியில் ஒதுங்கிவிடும். ஆகவே சுற்றியுள்ள எலும்பையும் ஒரு வளையமாக எடுத்து, நல்ல டியூரா கண்ணில் படும் வரை போக வேண்டும். பிதுங்கிய வடுமூளையை ஒழுங்குசெய்து, பெரிகிரேனியத்தை (மண்டையோட்டின் வெளிப்புறச் சவ்வை) ஒட்டாக வைத்துத் தண்ணீர் புகாமல் 4-0 அல்லது 5-0 நூலில் தையுங்கள். பெரிகிரேனியத்தைத் தோல் தூக்கும்போதே தனியாக எடுத்து ஈரத்துணியில் வைத்திருக்க வேண்டும். கடைசியில் தேடினால் அதில் கிழிசல்தான் மிச்சம் இருக்கும்.

இன்னொரு பழக்கம்: தலை ஆபரேஷன் என்றாலே மூளையைச் சுருக்கும் மருந்தான மானிட்டால் போடுவது. குழிந்த தலைக்கு அது தீங்கு. மூளை இன்னும் கீழே போய் வெற்றிடம் பெரிதாகும். பிதுங்கினால் மட்டும் வரிசையாக வாருங்கள்: தலையை உயர்த்துவது, கழுத்து முறுகியிருக்கிறதா என்று பார்ப்பது, கார்பன் டை ஆக்சைடைச் சரிசெய்வது, பிறகே மானிட்டால் அல்லது வென்ட்ரிக்கிளிலிருந்து நீர் எடுப்பது.

10. எலும்பை எடுப்பதும் பிளப்பதும்

எடுக்கும் இடம் மறுபக்கப் பேரியட்டல். நடுக்கோட்டிலிருந்து குறைந்தது 2 சென்டிமீட்டர் தள்ளி. நடுக்கோட்டின் அடியில் சஜிட்டல் சைனஸ் என்ற பெரிய சிரை. பொருத்துக்கோடுகளையும் விட்டுவிடுங்கள், அங்கே டியூரா ஒட்டியிருக்கும், அடுக்கும் பிரியாது. குறையின் வடிவத்தைக் கையுறைக் காகிதத்தில் வரைந்து வெட்டி, எடுக்கும் இடத்தில் வைத்து, வளைவு பொருந்தும் கோணத்தைத் தேடிப் பிறகு குறியுங்கள். காகிதத்தின் மேல் பக்கத்தில் 'வெளி' என்று எழுதுங்கள். கவிழ்த்து வைத்து வெட்டினால் இடம் வலமாகிவிடும்.

தலையில் இருக்கும்போதே வெளி அடுக்கைச் சீவி எடுப்பது பெரியவர்களுக்கு. குழந்தையில் முழுத் துண்டையும் எடுத்து, பக்கத்து மேசையில் வைத்துப் பிளப்பதே பாதுகாப்பு. விளிம்பில் டிப்ளோயி சிவப்பாக, ஈரமாகத் தெரியும். மெல்லிய ரம்பத்தால் அந்தச் சிவப்புக் கோட்டிலேயே சுற்றிலும் 1 சென்டிமீட்டர் ஆழம் போங்கள், ஒருவர் தொடர்ந்து சலைன் ஊற்றியபடி. பிறகு மெல்லிய உளி. அடிப்பதைவிட அசைத்து நுழைப்பது நல்லது. ஒரே பக்கத்திலிருந்து முழு தூரமும் போகாமல், துண்டைச் சுற்றிச் சுற்றித் திருப்பி எல்லாப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக. பிரியும்போது ஈரமான ஒரு சத்தம் கேட்கும். காய்ந்த முறிவுச் சத்தம் கேட்டால் உளி ஏதோ ஒரு அடுக்குக்குள் ஏறிவிட்டது.

எந்த அடுக்கை எங்கே வைப்பது? நெற்றிக்கு வழவழப்பான வெளி அடுக்கு. முடிக்குள் மறையும் இடத்துக்கு எதுவானாலும் சரி. உள் அடுக்கு கண்ணாடிபோல நொறுங்கும், வளைக்க முயலாதீர்கள்.

துருவல் வேண்டுமென்றால் கையால் சுற்றும் ஹட்சன் பிரேஸ். எடுத்த துண்டின் மேற்பரப்பில் மெதுவாகச் சுற்றினால் சுருள் சுருளாக வரும். மின் டிரில்லில் வருவது சூட்டில் வெந்த மாவு; அது எலும்பாகாது. மண்டையோட்டின் தடிமனுக்குக் குறையாமல் நிரப்பி, ஃபைப்ரின் பசையால் பிடிக்கவைக்கலாம். அந்த இடம் கெட்டியாகும் வரை சில மாதம் தலைக்கவசம் வேண்டும் என்று வீட்டாரிடம் அன்றே சொல்லுங்கள்.

ஃப்ரீசர் எலும்பை விளிம்பு தயாராகும் நேரத்தில் வெளியே எடுத்து, அறை வெப்பச் சலைனில் பனி போகும் வரை வையுங்கள். கிருமி வளர்ப்புக்கு ஒரு ஸ்வாப் எடுத்து அனுப்புங்கள்.

11. பொருத்துவது

நெற்றிக் குறையில் வைக்கும் முன், நெற்றி எலும்புக்குள் உள்ள காற்றறையான ஃபிரன்டல் சைனஸைப் பாருங்கள். பெரிய பிள்ளைகளில் அது திறந்திருந்தால் சளிச்சவ்வை முழுக்க எடுத்து, மூக்குப் பாதையை அடைத்து, பெரிகிரேனியத்தால் மூடிய பிறகே எலும்பு. இல்லையென்றால் மூக்கின் கிருமி நேராக எலும்புக்கு வரும்.

எலும்பில் சில சிறு துளைகள் போட்டு, நடுவில் டியூராவை எலும்போடு தூக்கித் தைக்க நூல் விடுங்கள். அந்த ஒரு தையல் வெற்றிடத்தில் இரத்தம் தேங்குவதைப் பெருமளவு தடுக்கும். எலும்பு விளிம்போடு ஒரு பக்கமாவது நெருக்கமாகத் தொட வேண்டும். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நடுவில் மிதக்கவைப்பது எங்குமே சேராது. ஆடக்கூடிய எலும்பு கரையும், ஆகவே குறைந்தது மூன்று இடத்தில் பிடிப்பு.

சின்னக் குழந்தையில் டைட்டானியம் தகடு வேண்டாம். மண்டையோடு வளரும்போது வெளிப்புறம் எலும்பு படிந்து, உட்புறம் கரைகிறது; வெளியே வைத்த தகடு சில வருடத்தில் உள்ளே போய் டியூராவில் நிற்கும். கரையும் தகடுகளை வெந்நீர்த் தொட்டியில் இளக்கி வளைத்து வையுங்கள். சுமார் 2 மாதம் பலமாக நிற்கும், வகையைப் பொறுத்து ஒன்றிரண்டு வருடத்தில் மறையும். திருகு போடும் முன் டேப் செய்யாவிட்டால் (துளையில் மரை வெட்டாவிட்டால்) திருகின் தலை முறியும். திருகின் நீளம் எலும்பின் தடிமனைத் தாண்டக் கூடாது; இந்த வயதில் பல இடங்களில் 3 மில்லிமீட்டரே அதிகம். கைக்குழந்தையில் நூலால் கட்டினாலே போதும்.

12. மூடுவது

தோல் இறுக்கமில்லாமல் சேர வேண்டும். இழுத்துத் தைத்தால் இன்று அழகாக இருக்கும், பத்தாம் நாள் விளிம்பு கருக்கும். சேரவில்லையென்றால் சுற்றியுள்ள தோலை இன்னும் தளர்த்துங்கள். கேலியாவின் (தலைத்தோலுக்கு அடியிலுள்ள கெட்டி அடுக்கின்) உட்புறத்தில் 1 சென்டிமீட்டர் இடைவெளியில் கீறல் போடலாம், இரத்தக் குழாய்களை வெட்டாமல். தோல் பற்றாக்குறை என்று முன்பே தெரிந்தால் எக்ஸ்பாண்டர் (தோலை மெல்ல விரிக்கும் பை) வைத்து வளர்த்துக்கொண்டு பிறகு வர வேண்டும். மேசையில் கண்டுபிடிக்கும் விஷயமல்ல அது.

கேலியாவுக்கு 3-0, தோலுக்குக் கரையும் 4-0 அல்லது 5-0. தையல் பிரிக்கும் அழுகை மிச்சம். தோலுக்கடியில் விடும் வடிகுழாயான டிரெயினை முழு வெற்றிடத்தில் வைக்காதீர்கள், தானாக வடியட்டும். குழிந்த தலையை மூடிய உடனே பலமாக உறிஞ்சுவது, அரிதாக வரும் கொடிய மூளை வீக்கத்தோடு தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறது.

13. முதல் 48 மணி நேரம்

ஐசியுவில் ஒரு நாள். மணிக்கொரு முறை கண்மணி, கைகால் அசைவு, அழுகையின் தன்மை. ஹீமோகுளோபின் 6 மணி நேரத்தில் மீண்டும். தோலுக்கடியில் கசிவது வெளியே தெரியாது. உப்புக் குறைந்த ஐவி வேண்டாம், சலைன் போன்ற, இரத்தத்துக்கு இணையான உப்புள்ள திரவமே. வலிக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணிக்கொரு முறை.

முன்பைவிட அதிகமாகத் தூங்குகிறது, பால் குடிக்க மறுக்கிறது என்று அம்மா சொன்னால் அதைச் சாதாரணமாக விடாமல் சிடி எடுங்கள். கண்மணி மாறும் வரை காத்திருந்தால் தாமதம். டிரெயினில் தெளிந்த நீர் வந்தால் அது டியூரா கசிவு. டிரெயினை எடுத்து அந்தத் துளையை ஒரு தையலால் மூடுங்கள். மற்றபடி 24 முதல் 48 மணி நேரத்தில் டிரெயின் வெளியே வரலாம்.

14. அடுத்த மாதங்கள்

2 வாரம், 6 வாரம், 3 மாதம், 6 மாதம், ஒரு வருடம், பிறகு வளர்ச்சி முடியும் வரை ஆண்டுக்கொரு முறை. ஒவ்வொரு முறையும் தலைச் சுற்றளவு எழுதுங்கள், விளிம்பு முழுவதையும் விரலால் தடவுங்கள். கரைதல் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் வெளிப்படும்: ஒரு மெத்தென்ற புள்ளி, முன்பு இல்லாத ஒரு பள்ளம், தோலில் முட்டும் திருகு. விரலில் சந்தேகம் வந்தால் மட்டும் சிடி. ஒவ்வொரு வருகைக்கும் கதிர்வீச்சு வேண்டாம். சின்னப் புள்ளி, துடிப்பில்லை, பெரிதாகவில்லை என்றால் பார்த்துக்கொண்டிருக்கலாம். மூளை துடிப்பது கையில் தெரிந்தாலோ பரப்பு கூடினாலோ மறு ஆபரேஷன்.

கரையும் தகடு வைத்த இடத்தில் 6 முதல் 12 மாதத்துக்குள் ஒரு சிறு புடைப்பு வரலாம். சீழ் என்று நினைத்து அதைக் கீறி வடிப்பவர்கள் உண்டு. சிவப்பு, சூடு, காய்ச்சல் மூன்றும் இல்லையென்றால் தகடு கரையும் நேரத்து வீக்கம்தான் அது. கத்தி படாமல் விட்டால் சில வாரத்தில் அடங்கிவிடும். கீறிய இடத்தில்தான் உண்மையான தொற்று நுழையும்.